வினைச்சொல்லை விழுங்கும் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

மேல்நிலை வகுப்பு ஒன்றுக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பும் ஆண்டு முடிவில் தனக்கென்று ஒரு நாள் விழா நடத்தும். ஒரு கருவைக் கொடுத்துவிடுவார்கள். அதை ஒட்டி 15 நிமிட நாடகம், பிறகு மாணவர் விருந்து. இந்த ஆண்டு எங்களுக்கு வந்திருக்கும் கரு ‘காலம்’. இதை எப்படிக் கதையாக்குவது? வகுப்பில் 42 பேர், எல்லோருக்கும் வேடம் கொடுத்தாக வேண்டுமா? ஆசிரியர்களைக் கிண்டல் செய்யும் காட்சியை அனுமதிக்கலாமா? விருந்தை நாடகத்துக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா?

சென்ற ஆண்டு பிள்ளைகள் பேசியது பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை. அதனால் இம்முறை நல்ல குரல் உள்ள மூன்று பேரை வைத்து வசனம் முழுவதையும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, விழாவன்று ட்ராக்கை ஓடவிட்டு, மேடையில் இருப்பவர்கள் வாயசைத்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். முக்கிய வேடத்தில் நடிக்கும் பையனுக்குக் குரல் மிக மெல்லியது. அவனுக்கும் இது உதவியாக இருக்கும். இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. உங்கள் ஆலோசனை வேண்டும்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த நான்குக்காக அல்ல. “முடிவு செய்திருக்கிறோம்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காக. பள்ளி மேடைகளில் பிள்ளைகள் ஏன் பேசாமல் போனார்கள் என்று சில வாரங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து தொட்டுவிட்டது.

ட்ராக் வேண்டாம். முடிவை மாற்றுங்கள். நான்கு வாரம் தாராளமாகப் போதும்.

வாயசைப்பு நாடகத்தில் ஒரு பிள்ளையின் தலையை மட்டும் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ஸ்பீக்கரிலிருந்து குரல் வருகிறது. மேடையில் ஏழு பேர் நிற்கிறார்கள். பேசுவது தான்தான் என்று காட்ட வேண்டுமே, அதற்காக அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டுகிறது. கை ஒவ்வொரு அசைக்கும் மேலும் கீழும் போய்வருகிறது. உதடு ட்ராக்குக்கு அரை நொடி பின்னால் ஓடுகிறது. கண் எதிரில் இருப்பவரைப் பார்க்கவில்லை, அடுத்த வரி எப்போது வரும் என்று காதுக்குள் போய்விட்டது. இதற்கு நடிப்பு என்று பெயர் வைக்க முடியாது. வேறொருவர் குரலுக்கு உடம்பை இரவல் கொடுத்து நிற்கிறது அந்தப் பிள்ளை. உங்கள் வகுப்பில் 42 பேர் இருக்கும்போது மூன்று பேருக்குத்தான் நல்ல குரல் என்று நீங்கள் தீர்ப்பு எழுதியதும், மற்ற 39 பேரும் தங்கள் குரல் மேடைக்கு ஆகாது என்று கற்றுக்கொள்கிறார்கள். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கற்றுக்கொள்வது அதைத்தான்.

சரி, மனசை விடுங்கள். வேலையாகப் பார்த்தாலும் ட்ராக் கைவிடும். முதல் காரணம் சிரிப்பு. ட்ராக்குக்குக் காத்திருக்கத் தெரியாது. நல்ல நகைச்சுவை வரி விழுந்து அரங்கம் ஆறேழு நொடி சிரித்தால் அடுத்த இரண்டு வசனம் அதற்குள் மூழ்கிவிடும். ஆக, நாடகம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு வசனம் காணாமல் போகும். இரண்டாவது, ஒரு பிள்ளை நுழையத் தாமதமானால் ஆளில்லாத மேடையில் குரல் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். நேரடியாகப் பேசுகிற நாடகத்தில் கூட இருப்பவன் ஏதாவது ஒரு வரி சொல்லிச் சமாளிப்பான். ட்ராக்கில் சமாளிக்க ஆளே கிடையாது. மூன்றாவது, ட்ராக் எப்போதும் யாரோ ஒருவர் செல்பேசியிலிருந்துதான் ஓடும். நடுவில் அழைப்பு வரும், அல்லது ஒயர் முனை லேசாக நகர்ந்து ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துப்போகும். வீட்டில் பதிவு செய்த குரலில் மின்விசிறி இரைச்சலும் அறையின் எதிரொலியும் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதைப் பெரிய அரங்கத்தில் ஓடவிட்டால் எதிரொலிமேல் எதிரொலி. சென்ற ஆண்டு கேட்காதது இந்த ஆண்டு சத்தமாகக் கேட்கும், புரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஏன் கேட்கவில்லை? குரல் சிறியது என்பதாலா? பத்தில் ஒன்பது முறை அது காரணமே அல்ல. பிள்ளைகள் வரியின் கடைசிச் சொல்லை விழுங்குகிறார்கள். தமிழில் பேசும் நாடகத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

நம் மொழியின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். வினை கடைசியில் வருகிறது. செய்தது யார், எப்போது, செய்தாரா செய்யவில்லையா, கேட்கிறாரா சொல்கிறாரா, எல்லாமே அந்தக் கடைசிச் சொல்லில், அதிலும் அதன் வாலில் இருக்கிறது. ‘கொடுத்தேன்’, ‘கொடுத்தான்’, ‘கொடுத்தார்’: முன்பாதி ஒன்றுதான், ஆளைச் சொல்வது விகுதி. ‘போறியா’ என்பது கேள்வி, ‘போறியே’ என்பது ஆதங்கம். நடுவில் இருப்பது ஒரே ஓர் உயிரெழுத்து. “நான் அவனோட வர்றேன்னு சொல்லல” என்ற வரியில் கடைசி இரண்டு எழுத்தைத் தின்றுவிட்டால் அரங்கத்துக்குக் கேட்பது நேர் எதிர்ப்பொருள்.

பயிற்சியில்லாதவர்கள் எல்லோரும் வரியை உரக்கத் தொடங்கித் தேயவிடுவார்கள். வரியின் தொடக்கத்தில் நெஞ்சு நிறைய மூச்சு இருக்கிறது, முடிவில் இல்லை. அதோடு, தன் வரி முடியப்போகிறது என்று தெரிந்ததுமே பிள்ளையின் மனம் ‘அப்பாடா’ என்று இறங்கிவிடுகிறது. குரலும் கூடவே இறங்கும், கண்ணும் தரைக்குப் போகும். வினை முன்னால் வந்துவிடும் மொழிகளில் இப்படித் தேய்ந்தால் ஓரளவு தப்பிக்கலாம். தமிழில் தேய்கிற இடத்தில்தான் பொருளே இருக்கிறது.

இதற்கு வைத்தியம் எழுதும்போதே தொடங்க வேண்டும். பள்ளி நாடக வசனங்கள் பெரும்பாலும் கட்டுரைத் தமிழில் எழுதப்படுகின்றன. ‘நேற்று மாலை நூலகத்தில் என்னிடம் நீ கொடுத்த அந்தப் பழைய சாவியை நான் தொலைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் பதினேழு வயதுப் பிள்ளை ‘சாவியை’ வரும்போதே மூச்சு தீர்ந்து நிற்கும். நாம் வீட்டில் அப்படியா பேசுகிறோம்? “நான் தொலைக்கல. சாவி எங்கிட்ட பத்திரமா இருக்கு.” பேச்சில் நாம் தேவையென்றால் வினையை முன்னாலேயே தூக்கிப்போட்டுக்கொள்வோம். “வரமாட்டேன் நான், நீ எத்தனை தடவை கூப்பிட்டாலும்.” இங்கே வால் தேய்ந்தாலும் பொருள் தப்பிவிட்டது. ஆகவே ஒரு வாக்கியத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வரியை இரண்டாக வெட்டுங்கள். முக்கியமான மறுப்பு, ஒப்புதல், கேள்வி மூன்றும் தனி வாக்கியமாக நிற்கட்டும்.

மொத்த அளவையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் நிமிடத்துக்கு 80 முதல் 90 தமிழ்ச் சொல்லுக்கு மேல் போனால் தெளிவு கெடும். 15 நிமிடத்தில் நுழைவு, வெளியேற்றம், சிரிப்பு, சும்மா நிற்கும் கணங்கள் எல்லாம் சேர்ந்து நான்கைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். மீதிப் பத்து நிமிடத்துக்கு 850 சொல். 900-ஐத் தாண்டினால் கத்தரிக்கோலை எடுங்கள். தாண்டியதை வேகமாகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். வேகம் கூடினால் முதலில் பலியாவது கடைசிச் சொல்தான்.

பயிற்சி இப்படி. முதல் வாரம் யாரும் மேடையேற வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து படிக்கட்டும். ஒவ்வொருவரும் தன் பிரதியில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு போட வேண்டும். பிறகு கடைசிச் சொற்களை மட்டும் சொல்லி முழு நாடகத்தையும் ஒருமுறை ஓட்டுங்கள். ‘தொலைக்கல.’ ‘இருக்கு.’ ‘தெரியாதா?’ ‘போயிட்டா.’ இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். கதை முக்கால்வாசி அதிலேயே புரியும். அது புரிந்த பிள்ளை அப்புறம் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதில் விழுங்காது.

இரண்டாம் வாரம் இரகசியக் குரல் பயிற்சி. எதிரெதிராக ஐந்து மீட்டர் தள்ளி நின்று, குரல் எழுப்பாமல், காற்றை மட்டும் வைத்து வசனம் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். குரல் இல்லாதபோது உதடும் நாக்கும் இரண்டு மடங்கு உழைத்தாக வேண்டும். வல்லினங்கள் எழுந்து நிற்கும், ‘ல’வும் ‘ள’வும் ‘ழ’வும் தனித்தனியாகத் தெரியும். பத்து நிமிடத்துக்கு மேல் செய்யாதீர்கள், தொண்டை வறண்டுவிடும். அது முடிந்த கையோடு அதே வரியைச் சாதாரணக் குரலில் சொல்லச் சொல்லுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும். பிறகு திறந்த வெளியில் 15 மீட்டர் இடைவெளியில் இருவரை நிறுத்திப் பேசவிடுங்கள். கத்தக் கூடாது. கத்தும்போது தொண்டை இறுகும், உயிரெழுத்து மட்டும் பெருத்து மெய்யெழுத்து காணாமல் போகும். ‘தூரத்தில் இருக்கிற நண்பனைக் கூப்பிடு’ என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது தானாகவே வரும்.

மூன்றாம் வாரம்தான் மேடை. ஆளில்லாத அரங்கத்தில் ஒத்திகை பார்த்து ஏமாறாதீர்கள். வெற்று அரங்கத்தில் சுவர்கள் குரலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், பிள்ளைகளுக்குத் தங்கள் குரல் பெரிதாகத் தோன்றும். விழாவன்று இருநூறு பேர் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் உடையும் உடம்பும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு நாற்காலி நகரும், குழந்தை அழும், விசிறி சுற்றும். ஒத்திகையில் ‘போதும்’ என்று தோன்றியது விழாவில் போதாது. ஆகவே ஒத்திகையின்போதே எல்லா விசிறியையும் ஓடவிட்டு, நாடகத்தில் இல்லாதவர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்து மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

சிரிப்புக்குக் காத்திருப்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள். சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், இறங்கத் தொடங்கும். இறங்கத் தொடங்கியதும் அடுத்த வரியை எடுக்க வேண்டும். முழுவதும் அடங்கும்வரை நின்றால் தொய்ந்துபோகும். சிரிப்பு வரும் என்று நாம் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லையென்றால் ஒரு கணமும் நிற்காமல் போய்விட வேண்டும்.

மைக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரங்கத்தின் நீளம் 15 மீட்டருக்குள் இருந்தால் இந்தப் பயிற்சியோடு மைக்கே தேவைப்படாது. அதைவிடப் பெரியதென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மைக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் அதற்குள் போகும் குரல் 6 டெசிபெல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். அதனால்தான் கூரையிலிருந்து தொங்கவிடும் மைக்கால் பயனில்லை. அது மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் வாயைவிடப் பக்கத்தில் சுற்றும் விசிறியை நன்றாகக் கேட்கும். சத்தம் போதவில்லையே என்று மைக்செட்காரர் ஏற்றுவார், உடனே கூவத் தொடங்கும். ஸ்பீக்கரில் வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றுவதுதான் கூவல். திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்காகும்போதெல்லாம், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபெல் இறங்கும். ஆறு மைக் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைப்பது அதனால்தான் தவறு.

இரண்டு ஸ்டாண்ட் மைக் போதும். மேடை அகலத்தை மூன்றாகப் பிரித்து, பிரியும் இரண்டு கோட்டிலும் முன்விளிம்பில் வையுங்கள். முக்கியமான வரிகள் அந்த இரண்டு இடத்தில் நடப்பதுபோல் நடமாட்டத்தை அமையுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம். தாடை உயரத்தில், கீழிருந்து சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். வாய்க்கு நேரே இருந்தால் ஒவ்வொரு ‘ப’வுக்கும் காற்று மோதி டப் டப்பென்று வெடிக்கும். உயரமானவனும் குட்டையானவனும் ஒரே மைக்கில் பேச வேண்டியிருந்தால் குட்டையானவன் உயரத்துக்கு வைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் இரண்டும் மைக்குகளுக்கு முன்னால், அரங்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும், மேடைக்குப் பின்னால் ஒருபோதும் கூடாது. கையடக்க மைக்கை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாற்றிக்கொண்டு நடிப்பதை மறந்துவிடுங்கள். மாற்றும் ஓசை ஸ்பீக்கரில் இடியாக விழும், கையும் ஒன்று வீணாகும்.

மைக்செட்காரரிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். பாட்டுக்காக மிக்ஸரில் போட்டிருக்கும் எக்கோவை வசனத்துக்கு முழுவதும் அணைத்துவிட வேண்டும். பாதி நாடகங்கள் புரியாமல் போவது இந்த எக்கோவால்தான். பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, குறைக்க வேண்டும், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பிள்ளைகள் பேச்சு புரியத் தேவையானது அநேகமாக ஒன்றும் இல்லை, மேடைப் பலகையில் நடக்கும் தடதடப்புதான் இருக்கும். யாரும் பேசாத மைக்கை மூடிவைக்க வேண்டும். இதற்கு உங்கள் மாணவர் ஒருவர் பிரதியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்து எந்த மைக் என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். பின்னணி இசை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீளமான கோப்பாக அல்ல, 1, 2, 3 என்று எண் போட்டுத் தனித்தனியாக, விமானப் பயண நிலையில் வைத்த செல்பேசியில். வசனம் தொடங்குவதற்கு முன்பே இசை இறங்கியிருக்க வேண்டும். சேர்ந்து இறங்கினால் முதல் வரி போய்விடும்.

இன்னொன்று, வெளிச்சம். உதடு தெரிந்தால் காதுக்குப் பாதி வேலை குறைந்துவிடும். முகத்தில் நிழல் விழுந்தால் அதே சத்தத்தில் பேசினாலும் கேட்கவில்லை என்பார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு நீள அகலம் சொல்லிவிட்டு, தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை நிறுத்துவதையும் சொல்லும். அந்த அக்கறை இன்றும் செல்லும். விளக்குகளை முன்னாலிருந்து, இரண்டு பக்கமும், தலைக்கு மேல் 45 பாகைச் சாய்வில் வையுங்கள். பின்னால் வண்ண விளக்கு எரிந்து முகம் கறுத்துத் தெரியும் மேடை, புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். நாடகத்துக்கு அது உதவாது.

உங்கள் கேள்விகள். ‘காலம்’ என்ற கருவைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள், எந்தக் கருவும் போதும். கருவை மேடையில் விளக்கப் போனால்தான் ஆபத்து. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று பிள்ளைகள் பட்டை கட்டிக்கொண்டு வந்து கவிதை சொன்னால் அரங்கம் செல்பேசியை எடுத்துவிடும். கருவிலிருந்து ஒரு பொருளை எடுங்கள், ஓர் இடத்தை எடுங்கள், ஒருவர் மறைக்கும் ஒரு விஷயத்தை எடுங்கள். ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு தேர்வு அறை, அதை யாரோ நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவரும் சொல்கிறார்கள்: “நிறுத்தினது நான் இல்ல.” இந்த வரியைப் பாருங்கள், எஸ். கடைசிச் சொல்லை விழுங்கினால் ‘நிறுத்தினது நான்’ என்றாகிவிடும், அப்பாவி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவான். விழுங்காமல் பேசப் பழக இதைவிட நல்ல வசனம் எழுத முடியாது. ஏன் நிறுத்தினான் என்பதைப் பிள்ளைகளே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். ஒரே இடத்தில் நடக்கும் கதையாக இருப்பதால் விளக்கை அணைத்துத் தட்டுமுட்டுச் சாமான் மாற்றும் வேலையும் இல்லை. அந்த 40 நொடி இருட்டு ஒவ்வொன்றும் நாடகத்தில் ஓட்டை போடும்.

42 பேருக்கும் வேடம் வேண்டாம். 42 பேருக்கும் வேலை வேண்டும். பேசுபவர்கள் எட்டுப் பேருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் பன்னிரண்டு பேர், ஆறு ஆறாக இரண்டு குழு, குழுவுக்கு ஒரு தலைவன், அவன் திரும்பினால் மற்றவர்கள் திரும்புவார்கள். மேடைச் சாமான்களுக்கு நான்கு பேர். அவர்கள் ஒரு மேசையில் காகிதம் விரித்து ஒவ்வொரு பொருளின் வடிவத்தையும் கோடு போட்டு வைத்துக்கொண்டால், காணாமல் போனது ஒரே பார்வையில் தெரியும். உடைக்கும் ஒப்பனைக்கும் ஆறு, விளக்குக்கும் ஒலிக்கும் நான்கு, திரைக்கு இரண்டு, வசனம் எடுத்துக்கொடுக்க ஒருவர். வசனம் எடுத்துக்கொடுப்பவர் பிரதியைப் பார்க்கும் நேரத்தைவிட நடிகர் முகத்தைப் பார்க்கும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். மறந்துபோன முகத்துக்கும் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கும் முகத்துக்கும் வித்தியாசம் அப்போதுதான் தெரியும். மீதி ஐந்து பேர் விருந்துக்கு.

ஆசிரியர் கிண்டல்: பழக்கத்தைக் கிண்டல் செய்யலாம். நிறம், உடம்பு, நடை, குடும்பம், பிறப்பு, இவற்றின் பக்கமே போகக் கூடாது. சம்பந்தப்பட்ட ஆசிரியரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ரகசியமாக வைத்து அதிரவைப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

விருந்து நாடகத்துக்குப் பின்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வயிறு நிறைந்தால் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் இறங்க இடமில்லை, மூச்சு மேலோடு நிற்கும், திரும்பவும் கடைசிச் சொல்லில்தான் வந்து விடியும். நடிப்பவர்கள் இரண்டு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் போதும். சூடான உணவு பரிமாறும்வரை 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, வெயில் நாளாக இருந்தால் ஒரு மணி நேரம்தான். நாடகம் நீளும் என்பதை வைத்துத்தான் உணவு வந்துசேரும் நேரத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வாமை யாருக்கு எதனால் என்று பெயர் எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பரிமாறும் மேசையைச் சுவரிலிருந்து விலக்கிப் போட்டால் இரண்டு பக்கமும் வரிசை விடலாம், நேரம் பாதியாகும். தட்டு தொடக்கத்தில், தண்ணீரும் கரண்டியும் கடைசியில். கரண்டியை முதலிலேயே கொடுத்தால் ஒரு கை அடைபட்டு வரிசை நின்றுவிடும். வாழ்த்துரைகளைச் சாப்பாட்டுக்கு நடுவில் வைக்காதீர்கள்.

விருந்தில் எனக்கு முக்கியம் இரண்டு. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். கூட்டாளிகள் நாற்காலியைக் கைக்குட்டை போட்டுப் பிடித்துவைத்திருப்பார்கள். இந்தப் பிள்ளை தண்ணீர் எடுக்கப் போவதுபோல் இரண்டு முறை சுற்றிவிட்டுச் சுவரோரம் நின்று சாப்பிட்டு முடித்துவிடும். அதனால் ஆறு பேருக்கு ஒரு மேசை, ஏழு மேசை, நுழையும்போதே சீட்டு எடுத்து உட்காரட்டும். முதல் ஐந்து நிமிடம் முணுமுணுப்பார்கள், பிறகு சரியாகிவிடும். இரண்டாவது, பாட்டு. மேசையின் இந்தப் பக்கம் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசினால் அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்க வேண்டும், பாட்டுச் சத்தத்துக்கு அதுதான் அளவு. நாடகத்தில் ட்ராக்கை ஓடவிட்டு, விருந்தில் ஸ்பீக்கரை அலறவிட்டால், அந்தப் பிள்ளைகள் தங்கள் நாளில் பேசவே இல்லை என்று அர்த்தம்.

அந்த மெல்லிய குரல் பையன். அவனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. நீங்கள் அவனை மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள், அன்பினால்தான். ஆனால் மெல்லிய குரலைக் கேட்கவைப்பது குரலை ஏற்றி அல்ல, சுற்றியுள்ளதை நிறுத்தி. அவன் பேசும் இடங்களில் மேடையில் யாரும் அசையக் கூடாது, இசை இருக்கக் கூடாது, நாற்காலி நகரக் கூடாது. எல்லோரும் உறைந்த பிறகு அவன் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணட்டும். அந்த இரண்டு நொடியில் அரங்கமே முன்னால் சாயும். அவனை எதிராளியைப் பார்த்துப் பக்கவாட்டில் நிறுத்தாதீர்கள், குரல் பாதி திரைக்குள் போய்விடும். உடம்பு பார்வையாளர் பக்கம், தலை மட்டும் கால்வாசி திரும்பியிருக்கட்டும். நீளமான வரிகளை அவனிடமிருந்து எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அவனுக்குக் குறைவாக, முக்கியமானதாக. கடிகாரக் கதையை எடுத்துக்கொண்டால் கடைசி வரி அவனுடையது: “நிறுத்தினது நான்தான்.” அதுவரை ஏழு பேர் ‘இல்ல’ என்று முடித்த இடத்தில் அவன் ‘தான்’ என்று முடிக்க வேண்டும். அந்த ஓர் அசையில்தான் நாடகம் இருக்கிறது.

அடுத்த ஒத்திகையில் அவனை மேடையின் நடுவில் நிற்கவைத்துவிட்டு, நீங்கள் போய்க் கடைசி வரிசையில் கடைசி நாற்காலியில் உட்காருங்கள். அவன் வரியைத் தொடங்கும்போது கையைத் தூக்குங்கள். கேட்டுக்கொண்டிருக்கும்வரை கை மேலேயே இருக்கட்டும், தேயும் இடத்தில் இறக்கிவிடுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அவன் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே மறுபடி சொல்லுவான். ‘தான்’ வந்து சேர்ந்து, அதற்குப் பிறகும் ஒரு நொடி உங்கள் கை மேலே இருக்கும்வரை.